ஏர் ஆம்புலன்ஸ் தொடங்க சொந்த விமானமா, வாடகை விமானமா?

சென்னையில் ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனம் தொடங்குகிறவர்களை முதலில் திணறடிக்கும் கேள்வி இது. நாங்கள் வாடகைக்கே போனோம், இங்கும் சாய்வு அந்தப் பக்கம்தான்.

முன்னுதாரணமும் உண்டு. 1928 மே 17 அன்று ஆஸ்திரேலியாவின் குளோன்கரியிலிருந்து கிளம்பிய பறக்கும் மருத்துவர் சேவை, குவாண்டாஸ் விமான நிறுவனத்திடம் ஒரு டி.ஹெச்.50 விமானத்தை விமானியோடு வாடகைக்கு எடுத்துத்தான் தொடங்கியது. வாடகை மைலுக்கு இரண்டு ஷில்லிங். 1960கள் வரை பெரும்பாலும் ஒப்பந்த விமானங்களே ஓடின.

சொந்த விமானம் என்றால் ஸ்ட்ரெச்சர் எப்போதும் பொருத்தியே இருக்கும், அழைப்பு வந்ததும் கிளம்பலாம். அதில் விவாதம் இல்லை. பராமரிப்பில்தான் எல்லாம் மாறுகிறது. மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானம் கடல் காற்றிலிருந்து தப்ப முடியாது. இந்தத் தொழிலில் ஓடும் இரட்டை எஞ்சின் விமானமான கிங் ஏர் பி200இன் பிடி6 எஞ்சினில் உப்பு படிந்தால், காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் திறன் குறைந்து வெப்பம் ஏறும். எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அதே உப்பு டர்பைன் பிளேடுகளை அரிக்கும். அதனால் கம்ப்ரசருக்குள் சுத்தமான தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்; உப்பு கடுமையான இடமென்றால், பறந்த ஒவ்வொரு நாளும். சுமார் 3,600 மணி நேரம் பறந்ததும் எஞ்சினைப் பிரித்துச் சீராக்கும் ஓவர்ஹால், பாதி வழியில் சூடான உட்பகுதிகளைப் பார்க்கும் ஹாட் செக்‌ஷன் சோதனை. எஞ்சின் இரண்டு, செலவும் இரண்டு. பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம். இருக்கிற ஒரே விமானம் ஹேங்கருக்குள் போனால் தொழிலே நின்றுவிடும். சம்பளம், காப்பீடு, பார்க்கிங் கட்டணம் நிற்காது.

வாடகையில் இந்தத் தலைவலி, விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் பர்மிட் வைத்திருக்கும் ஆபரேட்டருடையது. அவர் விமானம் சோதனைக்குப் போனால் அடுத்தவரைக் கூப்பிடலாம். குறை என்னவென்றால், விமானம் டெல்லியில் நின்றால் காலியாக வரும் நேரத்துக்கும் பில் வரும். பேசும்போதே கேளுங்கள்: இப்போது எங்கே நிற்கிறது? ஸ்ட்ரெச்சர் கிட் அந்த விமானத்துக்கு அங்கீகாரம் பெற்றதா? வென்டிலேட்டருக்கு மின்சாரம் உண்டா?

டாக்டர், நர்ஸ், வென்டிலேட்டர், மானிட்டர், ஆக்சிஜன் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். போர்ட் பிளேர்–சென்னை சுமார் 1,370 கி.மீ., பி200இல் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் என்றால் 1,800 லிட்டர். பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் இரு பக்கமும் சாலைப் பயணத்தில் சிலிண்டர் தீர்ந்துவிடும். அதனால் பாதி கூடுதலாக வைத்து, குறைந்தது 2,700 லிட்டர் வேண்டும்.

மாதாமாதம் நிலையான அழைப்புகள் வந்தால் சொந்த விமானம் கட்டுப்படியாகலாம்; எத்தனை அழைப்புகள் என்பது ஆபரேட்டர் கேட்கும் மணிநேர விலையைப் பொறுத்தது. அப்போதும் வாடகை ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள்.