போர்வெல்லில் 1,36,000 ரூபாய் போய்விட்டது, ஊர் திரும்புகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 1,36,000 ரூபாய். பதினோரு நாள் ஆகிறது. இன்னும் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிதான் வந்து நிற்கிறது.

நான் தோஹாவில் 14 வருடம் நர்ஸாக இருந்துவிட்டு மகளோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். வீடு அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் ஒரு கிராமம். கணவர் அங்கே கணக்கு முடித்து வர இன்னும் சில மாதம் ஆகும். கத்தாரில் ஆறு கிடையாது, மழை என்பது வருடத்தில் சில நாள் சமாச்சாரம், ஆனால் கடல் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள், 14 வருடத்தில் ஒரு நாள் கூட நான் தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கியதில்லை. இங்கே ஆற்றுத் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறது. எப்போது வரும் என்று தெரியாது, 70 வயது அம்மா நடு இரவில் எழுந்து குழாயடியில் உட்கார்ந்திருக்கிறார். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வெட்டிய கிணறு வற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அதனால் வந்த மூன்றாவது வாரமே போர்வெல் போடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆள் தேடியது, வீட்டு வேலைகளுக்கு ஆட்களைக் காட்டும் ஒரு செயலியில். பெயர் வேண்டாம். நட்சத்திரம் 4.8 என்று போட்டிருந்தது. பத்து நிமிடத்தில் ஏஜென்ட் கூப்பிட்டார், மறுநாள் காலையில் வாசலில் நின்றார்.

அந்த ஆள் பேசிய பேச்சை நான் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் விழுந்த இடம் அதுதான். "ஏனுங்க்கா, நல்லா இருக்கீங்களா? அம்மா, செருப்பை இங்கயே உட்டுட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ங்க. வெளியூரில் இருந்தவர்களுக்குத் தெரியும், வருடக் கணக்கில் இங்கிலீஷிலும் உடைந்த அரபியிலும் பேசிவிட்டு வந்தவள் காதில் அந்த ங்க எப்படி இறங்கும் என்று. அம்மா காப்பி கொடுத்தார். அவருடைய அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) ஊர் எங்கள் பக்கத்து ஊர் என்றார். வண்டி திருச்செங்கோட்டு வண்டி என்றார். இந்தியா முழுக்க போர் போடப் போகிற வண்டிகள் அந்த ஊரிலிருந்துதான் போகின்றன என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும், அதுவும் ஒரு நம்பிக்கை. "அத்திக்கடவுத் தண்ணி வந்து குளமெல்லாம் நிக்குதுங்க்கா, மட்டம் ஏறிருச்சு, 400 அடியில ஆயிருமுங்க" என்றார். பவானி ஆற்றுத் தண்ணீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியதும் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்பதும் நானே அங்கிருந்து படித்துச் சந்தோஷப்பட்ட செய்தி. அதை வைத்தே பேசினார்.

ரேட் சொன்னது இது: முதல் 300 அடிக்கு அடி 95 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு நூறுக்கும் 105, 115, 130, 150, 170, 800 தாண்டினால் 200. மேல் மண் சரியாமல் இருக்கக் குழிக்குள் இறக்கும் கேசிங் பைப் தனி, அடி 420. பஞ்சாயத்து அனுமதிக்கும் வண்டி வர போகவும் 3,000. பில் கேட்டேன். "பில்லுன்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேருமுங்க்கா, எதுக்கு வீணா" என்றார். சரி என்றேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதில் கையெழுத்து இல்லை.

வண்டி ராத்திரி எட்டரைக்கு வந்தது. துளை போடும் ரிக் வண்டி ஒன்று, அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி இறக்கும் இரும்பு ராடு ஏற்றிய லாரி ஒன்று, எட்டுப் பையன்கள், எல்லாம் வடமாநிலத்துப் பிள்ளைகள். சாப்பிடவில்லை என்றதும் நானும் அம்மாவும் உள்ளே போய் ரவை உப்புமா கிண்டினோம். வெளியே வந்தபோது கேசிங் இறக்கி முடித்திருந்தார்கள். 20 அடி பைப் நாலு, ஆக 80 அடி என்றார் ஏஜென்ட். நாலு பைப் லாரியிலிருந்து இறக்கியதை நான் பார்த்தேன். உள்ளே எத்தனை போனது என்று பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அந்த அரை மணி நேரம் நான் அடுப்படியில் அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் செய்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கையில் சாக்பீஸ் கொடுத்து, "ராடு ஒண்ணு 20 அடிங்க்கா, ஒவ்வொண்ணு எறங்குறப்பயும் செவுத்துல கோடு போடுங்க, யாரும் ஏமாத்த முடியாது" என்றார். எப்படிக் கண்காணிப்பது என்று அவரே சொல்லிக் கொடுத்தார். தானாகக் கணக்கைக் கையில் கொடுக்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? 18 கோடு போட்டேன், 360 அடி. மணி ஒன்று. வெறும் புகை மாதிரி பாறைத் தூள்தான் வந்தது, மகள் இருமினாள். "பாப்பாவக் கூட்டிட்டுப் போய்ப் படுங்க்கா, மீதிக் கோட்டை நான் போடுறனுங்க, அடிக்கடி மெசேஜ் போடுறேன்" என்றார். போய்ப் படுத்தேன்.

ஆஸ்பத்திரியில் இன்சுலின் போடும்முன் இரண்டு நர்ஸ் பார்த்து இரண்டு கையெழுத்து விழ வேண்டும். 14 வருடம் அப்படி வேலை செய்தவள் நான்.

2.10க்கு வாட்ஸ்அப்: "520 போச்சுங்க்கா, லேசா ஈரம், இன்னும் போலாமுங்களா?" சரி என்றேன். 3.20க்கு 640. 4.15க்கு 740. ஒவ்வொன்றுக்கும் படுத்துக்கொண்டே சரி என்று அனுப்பினேன். ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார். குழியிலிருந்து சேறும் நுரையுமாகத் தண்ணீர் பீய்ச்சுகிறது. "ஒன்றரை இன்ச்சுத் தண்ணிங்க்கா!" அம்மா கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரில் 41 கோடு. 820 அடி. அடிக்கணக்கு 99,500, கேசிங் 33,600, மற்றது 3,000, மொத்தம் 1,36,100. நூறு ரூபாயை விட்டுக்கொடுத்தார், அதற்கும் நன்றி சொன்னேன். யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் அதை அனுப்பிவிட்டு, மீதி 36,000 அம்மா பீரோவிலிருந்து ரொக்கமாக. பணம் போன கணக்கில் வேறு பெயர் வந்தது. கேட்டேன். "மச்சான் அக்கவுண்ட்டுங்க்கா."

நாலு நாள் கழித்து மோட்டார் இறக்க உள்ளூர் அண்ணன் ஒருவர் வந்தார். முதலில் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டார். 584 அடியில் நின்றுவிட்டது. மூன்று முறை விட்டார், அதே 584. அதாவது 29 ராடும், அடி முனையில் பாறையை உடைக்கிற சுத்தியலும், அவ்வளவுதான். 4,000 ரூபாய் கொடுத்துக் கேமரா விட்டோம். அடியில் பாறை தெரிகிறது, மண் மூடியிருந்தால் அப்படித் தெரியாது. தண்ணீர் சில அடிதான் நிற்கிறது. துளை போடும்போது அவர்களே விட்ட தண்ணீரைத்தான் காலையில் எடுத்துக் காட்டியிருப்பார்கள் என்றார் அந்த அண்ணன். எல்லாவற்றையும்விட மோசம், கேசிங் 41 அடியிலேயே முடிகிறது. அதற்குக் கீழே செம்மண்ணும் சுக்காங்கல்லும் மூடாமல் கிடந்து உதிர்கிறது. "அம்மிணி, மேல இருந்து ஒரு கல்லு உழுந்தாலும் மோட்டாரு மாட்டிக்கும், நான் எறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கூலி கூட வாங்காமல் போனார்.

சிலர் கணக்குப் போட்டு, ஏமாந்தது 57,000 சொச்சம்தானே என்கிறார்கள். இல்லை. கேசிங்கை உருவினால் உடையலாம், புதிதாக வேறு குழி போடுவதே மேல் என்கிறார்கள். அந்தக் குழி ஒன்றுக்கும் ஆகாது. போனது 1,36,000.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். முதல் நாள் "சாயங்காலம் வந்து பாக்குறனுங்க்கா." மறுநாள் "கோபில வேலைங்க்கா." அடுத்த நாள் "அடியில மண்ணு ரொம்பியிருக்கும்ங்க, கேசிங் போட்டத நீங்களே பாத்தீங்கல்ல, கோடும் நீங்கதான போட்டீங்க." கேமரா வீடியோ அனுப்பினேன். "வீட்ல ஆம்பளைங்க இருந்தா போனைக் குடுங்க" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை, அதே ங்க. கடைசியாகப் பத்தாயிரம் தருகிறேன், செயலியில் பதிவை நல்லபடியாக எழுதுங்கள் என்று ஒரு மெசேஜ், முடியாது என்றதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

செயலிக்காரர்களிடம் மூன்று முறை பேசினேன், மூன்று பேர், ஒரே பதில்: நாங்கள் தகவல் மட்டும்தான் தருகிறோம் மேடம். நான் எழுதிய ஒற்றை நட்சத்திரம் இரண்டு நாளில் காணாமல் போனது, அவருடைய 4.8 அப்படியே இருக்கிறது. காவல் நிலையத்தில் இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கம்மா என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டால் அனுமதிக்கு யாரும் விண்ணப்பிக்கவே இல்லை. சொந்தக்காரர் ஒருவர் சொன்னதுதான் தூங்க விடவில்லை: "விடு கண்ணு, வெளிநாட்டுக் காசுதான, வந்துரும்." இரவு ஷிப்டில் 12 மணி நேரம் நின்று கால் நரம்பு சுருண்ட காசு அது. அங்கே இருக்கிறவர்களுக்கு மரத்தில் காய்க்கிறது என்று இங்கே எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வந்த இந்தச் சில வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். கறிக்கடையில், ஆட்டோவில், எங்கேயும் எப்போது வந்தீங்க என்ற கேள்விக்குப் பிறகு விலை மாறுகிறது.

எப்படி போர் போடுவது என்று முழுசாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. சிலதை மட்டும் சொல்கிறேன். கேசிங் இறங்கும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், பைப்பைத் தொட்டு எண்ணுங்கள். ராடு இறங்கும்போது மட்டுமல்ல, கடைசியில் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏறும்போதும் எண்ணுங்கள், முடியாவிட்டால் இரவில் வண்டியே வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டி நிற்கும்போதே கல் கட்டிக் கயிறு விட்டு அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். போர் போடுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதை நீங்களே செய்யுங்கள். குழியை அன்றைக்கே இரும்பு மூடி போட்டு அடைக்கச் சொல்லுங்கள், எங்களுக்கு வெறும் சாக்கைக் கட்டிவிட்டுப் போனார்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது, வெல்டரைக் கூட்டி வந்து நான்தான் மூடினேன்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்திலேயே போடலாம் என்றார்கள். யுபிஐ ரசீது, துண்டுச் சீட்டு, மெசேஜ், கேமரா வீடியோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். சுவரில் அந்த 41 கோடும் இருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வருகிறது, சுண்ணாம்பு அடித்துவிடு என்கிறார் அம்மா. அடிக்க மாட்டேன். முதல் 18 கோடு என் கை, மீதி 23 அவன் கை, சாய்வே வேறு. நேற்று ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அதையும் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.