குள்ள சிக்லிட்களுக்கு எந்தத் தீவனம்: ஆர்ட்டீமியாவா, உறைந்த ரத்தப்புழுவா, பெல்லட்டா?

ராம், அபிஸ்டோகிராமா, கிரிபென்சிஸ் என்று எந்தக் குள்ள சிக்லிட்டை (சிக்லிட் குடும்பத்துச் சிறிய தொட்டி மீன்) வளர்ப்பவரும் தீவன டப்பாவைத் திருப்பிப் புரதம் எத்தனை விழுக்காடு என்றுதான் முதலில் பார்ப்பார். புரதம் முக்கியம்தான். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. போட்ட தீவனம் தொட்டியின் தரைவரை போய்ச் சேருகிறதா? தின்றது போக மிஞ்சியது தண்ணீரை என்ன பாடுபடுத்தும்?

இந்த மீன்கள் மேயும் விதமே தனி. ராம் மீன் வாய் நிறைய மணலை அள்ளும். இரண்டு மூன்று முறை மெல்லும். மணல் செவுள் வழியாகப் பொலபொலவென்று உதிரும். தின்னத் தக்கது மட்டும் வாயில் தங்கும். அவசரப்படும் வழக்கமே இல்லை. மேலே டெட்ரா மீன் கூட்டம் இருந்தால் இது முதல் வாயைத் திறப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். அதனால்தான் மிதக்கும் செதில் தீவனத்தை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. டெட்ராக்கள் விட்டுவைப்பது ஊறிக் கூழாகத்தான் கீழே வரும்.

முதலில் ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர். அப்போதுதான் பொரித்த குஞ்சுகளைச் சொல்கிறேன். குஞ்சு மீன்களுக்கு மட்டுமே இது என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த அபிஸ்டோகிராமாவும் அரை மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத இந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். பொரித்த கையோடு கொடுத்தால் மஞ்சள்கருவின் கொழுப்பும் நிறமிகளும் முழுதாக மீனுக்குப் போகும். நேரம் ஆக ஆக அந்த மஞ்சள்கருவைக் குஞ்சே தின்று தீர்க்கும். தொட்டியில் இவை சில மணி நேரம் உயிரோடு நீந்துவதால், கூச்சமுள்ள பெண் மீன்கூட மறைவிடத்தில் இருந்தபடியே நிதானமாக வேட்டையாடலாம். அடுத்த பத்து நிமிடத்தில் வயிறு ஆரஞ்சு நிறத்தில் புடைத்திருப்பது கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரியும். எந்த மீன் சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் தீவனம் வேறு இல்லை.

இடைஞ்சல், அன்றாட வேலை. லிட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் உப்பு, 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம், விளக்கு வெளிச்சம், ஏர் பம்பின் விடாத குமிழி. இத்தனையும் இருந்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். பிறகு காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டைகள் அடியில் தங்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அவற்றை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, நுண்துளை வலையில் நல்ல தண்ணீர் விட்டு அலசித்தான் கொடுக்க வேண்டும். அலசாமல் ஊற்றினால் உப்பு தொட்டியில் சேரும். ஓடுகள் கலந்து போனால் செரிக்காமல் மீன் குஞ்சுகளின் குடலை அடைக்கக்கூடும். இதற்குப் பொறுமை இல்லாதவர் ஓடு நீக்கிய முட்டைகளை வாங்கலாம். சத்து உண்டு, அசைவு இல்லை. அசைவதை மட்டுமே தின்னும் காட்டு மீன்கள் அதைப் பொருட்படுத்தாது.

உறைந்த தீவனத்தில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரத்தப்புழு, அதாவது கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்பு இளம்புழு. வேண்டாம் என்று சொல்லும் மீனை நான் பார்த்ததில்லை. வாங்கி வந்த புதிதில் பட்டினி கிடக்கும் மீனைத் தின்ன வைக்கவும், முட்டையிடப்போகும் பெண் மீனைத் தேற்றவும் இதற்கு ஈடில்லை. ஆனால் தினப்படிக்கு இதையே கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். சின்ன அபிஸ்டோகிராமாவின் வாய்க்குப் பெரிய புழு பெரிய கவளம். பேராசையில் விழுங்கிய மீன் வயிறு உப்பிக் கிடப்பதை வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்வார்கள். வாரத்துக்கு ஓரிரு முறை, அதுவும் சிறிய அளவுப் புழு, போதும். உருகிய சிவப்புத் தண்ணீரை வடிகட்டி அலசிவிட்டுப் போடுங்கள். அந்தச் சாறு மீன் வயிற்றுக்குப் போவதில்லை, ஃபில்டருக்குத்தான் போகிறது. இன்னொன்று: இந்தப் புழுவின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபின் சில மனிதர்களுக்கு ஒவ்வாமை தரும். தொட்டதும் கண் அரித்தால், தும்மல் வந்தால், கையுறை போடுங்கள் அல்லது தீவனத்தை மாற்றுங்கள்.

உறைந்தவற்றில் என் ஓட்டு சைக்ளாப்ஸுக்கும் டாஃப்னியாவுக்கும். இரண்டுமே நீரில் வாழும், ஓடுடைய மிகச்சிறிய உயிரிகள். முன்னது வாய்க்குத் தோதான அளவு, நிறமும் ஏற்றும். பின்னதன் ஓடு செரிக்காமல் குடலைத் துப்புரவு செய்துகொண்டு வெளியேறும். உறைந்த வளர்ந்த ஆர்ட்டீமியாவில் குஞ்சின் மஞ்சள்கரு கிடையாது. ஒரு மாறுதலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உயிருள்ள டியூபிஃபெக்ஸ்? சாக்கடைச் சேற்றில் வளரும் புழு. எத்தனை நாள் ஓடும் நீரில் வைத்து அலசினாலும் நான் வாங்கமாட்டேன். குளத்தில் அள்ளிய உயிருள்ள சைக்ளாப்ஸும் அப்படியே: கமலானஸ் என்ற குடல் ஒட்டுண்ணிப் புழுவின் இளம்பருவம் அதற்குள் குடியிருக்கலாம். மீனின் ஆசனவாயில் சிவப்பு நூல்முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் புழுவாக இருக்கலாம். உறைய வைத்தால் பெரும்பாலான ஒட்டுண்ணிகள் சாகும்; பாக்டீரியாக்கள் எல்லாம் சாகாது.

பெல்லட்டுக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத, மூழ்கும், மென்மையான குருணை என்றால் அதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. ஊட்டச்சத்துகளைக் கணக்கிட்டுச் சேர்த்திருப்பார்கள், வெளியூர் போகும்போது அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். சேர்மானப் பட்டியலில் மீனோ இறாலோ பூச்சியோ முதலில் வரவேண்டும், கோதுமை அல்ல. திறந்த டப்பாவில் வைட்டமின் சி நாளாக ஆகக் குறையும் என்பதால் சிறிய டப்பாவே லாபம். காட்டில் பிடித்த அபிஸ்டோகிராமா முதலில் மென்றுவிட்டுத் துப்பும். ஆர்ட்டீமியாவோடு கலந்து பழக்கினால் பல மீன்கள் வழிக்கு வரும். கிரிபென்சிஸுக்கு இந்தப் பிகுவே இல்லை. பாசியும் தாவரச் சத்தும் கலந்த பெல்லட்டே அதற்கு நல்ல அன்றாட உணவு.

பெல்லட்டின் ஆபத்து அதன் அடர்த்தியில் இருக்கிறது. இரண்டு சிட்டிகை கூடிப்போனால் கண்ணுக்குத் தெரியாது, மணலுக்குள் அழுகும். அபிஸ்டோகிராமாவுக்காக பி.எச். (நீரின் அமில-கார அளவு) 6-க்கும் கீழே வைத்திருக்கும் மென்னீர்த் தொட்டியில் இது சிக்கலான கதை. அந்த அமிலத்தன்மையில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மந்தமாகும். அழுகியதிலிருந்து வரும் அம்மோனியா பெரும்பாலும் நச்சு குறைந்த அம்மோனியமாகக் குவிந்துகொண்டே இருக்கும். மீன் நன்றாகவே இருக்கும். ஒருநாள் காரத்தன்மையுள்ள தண்ணீரை நிறைய மாற்றுவீர்கள், பி.எச். ஏறியதும் குவிந்திருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும், மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து தவிக்கும். பழி புதுத் தண்ணீர்மேல் விழும். இதற்காகவே, எந்தத் தீவனமானாலும் கொஞ்சமாக இரண்டு வேளை, பிப்பெட்டால் தரையோரம், கொடுத்த பின் மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிடுவது, வாரம் கால் பங்குத் தண்ணீர் மாற்றுவது என்று வைத்துக்கொள்வது நல்லது. வளர்ந்த மீனுக்கு வாரம் ஒரு நாள் பட்டினி கெடுதல் செய்யாது, குஞ்சுகளுக்குக் கூடாது.

என் தொட்டியில் காலையில் ஆர்ட்டீமியா, மாலையில் பெல்லட் அல்லது உறைந்த சைக்ளாப்ஸ். ஆர்ட்டீமியா பொரிக்க நேரமில்லாதவருக்கு வாரத்தில் நான்கு நாள் பெல்லட், மற்ற நாட்களில் உறைந்தது என்ற ஏற்பாடு மோசமில்லை.

ஆர்ட்டீமியாவைக்கூடக் கொத்திவிட்டுத் துப்பும், வயிறு ஒட்டி, நிறம் கறுத்து, வெண்ணிறச் சளிபோல் நீளமாகக் கழிக்கும் மீனுக்குத் தீவனத்தை மாற்றிப் பயனில்லை. குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அதைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு, மெட்ரோனிடசோல் மருந்து தேவையா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இன்னும் வாய் வைக்கிற மீனுக்குத் தீவனத்தில் கலந்து கொடுப்பதே பலன் தரும். அறவே தின்பதை நிறுத்திவிட்ட மீனுக்குத் தண்ணீரில் கலப்பது ஒன்றுதான் வழி.