வைக்கோலா, மரத்தூளா? யாழ்ப்பாண வீட்டில் காளான் பை கட்டுவது

சிப்பிக் காளான் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது வித்து, அதாவது காளான் இழை படர்ந்த தானியம் பற்றி. வித்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதைப் போடும் பையை எதனால் நிரப்புவது, எப்படிச் சூடாக்குவது என்பதில்தான் பாதிப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக் கொட்டிலில் வைக்கோலிலும் கட்டிப் பார்த்தாயிற்று, மரத்தூளிலும் கட்டிப் பார்த்தாயிற்று. இரண்டிலும் காளான் வந்தது, இரண்டிலும் பை பழுதானது.

மரத்தூளில் நைதரசன் மிகக் குறைவு. வெறும் தூளை அடைத்தால் காளான் மெல்ல ஊர்ந்து, சோர்ந்த மாதிரி ஒன்றிரண்டு பூ பூக்கும். அதனால்தான் தவிடு சேர்க்கிறோம். இலங்கையில் பரவலாகப் புழங்கும் அளவு இது: 10 கிலோ மரத்தூளுக்கு 1 கிலோ தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் சோயாமா அல்லது பயற்றம்மா, 20 கிராம் மக்னீசியம் சல்பேற்று. சத்தான சாப்பாடுதான். ஆனால் காளானுக்குப் பிடித்த சாப்பாடு பச்சைப் பூஞ்சணத்துக்கும் பிடிக்கும். தவிடு சேர்ந்த பையை வெந்நீரில் நனைத்தெடுத்தால் போதாது, ஆவியில் நன்றாக அவித்தே ஆகவேண்டும்.

வைக்கோலுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. சிப்பிக் காளானுக்குப் போதுமான சத்து அதிலேயே இருக்கிறது, பூஞ்சணத்தை விருந்துக்கு அழைக்கிற அளவுக்கு இல்லை. 70 முதல் 80 பாகை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் கிடந்தால் கெடுதல் செய்யும் பூஞ்சணங்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். சூட்டைத் தாங்கித் தப்புகிற சில பக்டீரியாக்கள் மிஞ்சும். அவை இடத்தைப் பிடித்து வைத்திருப்பதால் பிறகு வருகிற பூஞ்சணத்துக்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடத் தேவையில்லை. வெப்பமானி இல்லாதவர்கள் பானையின் அடியில் சின்னக் குமிழி கிளம்பும்போதே அடுப்பைத் தணித்துவிடுங்கள்.

வைக்கோலை இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, இரவு ஊறவைத்து, காலையில் வெந்நீரில் போட்டு, வடித்துச் சுத்தமான விரிப்பில் ஆறவிட வேண்டும். கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி சொட்டலாம், தாரையாக வடியக்கூடாது. நான் கண்டவரையில் அவசரக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். பையின் அடியில் தண்ணீர் தேங்கி மணக்கத் தொடங்கினால் அந்தப் பை முடிந்தது.

எரிபொருளே வேண்டாம் என்கிறவர்களுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு லீற்றருக்கு 2 கிராம் போட்டுக் கலக்கி, வைக்கோல் முழுதும் அமிழக் கல் வைத்து, 12 முதல் 24 மணித்தியாலம் விடுங்கள். அந்தக் காரத்தில் பூஞ்சணங்கள் தாக்குப்பிடிக்காது. அளவைக் கூட்டினாலும் கரையாமல் அடியில்தான் படியும். விவசாயக் கடையில் விற்கும் டொலமைற் இதற்கு உதவாது, அவ்வளவு காரம் அதில் ஏறாது. கையுறை இல்லாமல் இறங்காதீர்கள், தோலை அரித்துவிடும். வெந்நீரில் போட்டதைவிட இதில் எனக்கு ஒன்றிரண்டு பை கூடுதலாகப் பழுதானது, காஸ் விலையை நினைத்தால் அது பெரிய நட்டமில்லை.

மரத்தூளுக்கு வருவோம். தெற்கில் றப்பர் மரத்தூள் தாராளம், இங்கே அது லொறி ஏறித்தான் வரவேண்டும். நமக்குக் கிடைப்பது பக்கத்து மரக்காலையில் குவிந்துகிடக்கும் கலப்புத் தூள். அதில் வேம்பு கலந்திருந்தால் தொடாதீர்கள். பூச்சி அண்டாத மரத்தில் காளானும் சுலபமாக அண்டாது. பனந்தூளை ஒருமுறை ஆசைக்கு எடுத்தேன். கறுப்பு நார் ஊசி ஊசியாகப் பையைக் குத்திவிட்டது. மாமரம் அறுக்கிற நாளைக் கேட்டுவைத்துப் போய் அள்ளிவருவதே நல்லது.

பையிலும் வித்தியாசம் உண்டு. வைக்கோலை வெந்நீரில் போட்டு ஆறிய பிறகு அடைப்பதால் சாதாரணப் பொலித்தீன் போதும். மரத்தூளைப் பையோடு அவிப்பதால் சூடு தாங்கும் பொலிபுரோப்பிலீன் பை, வாய்க்கு ஒரு பிவிசி வளையம், பஞ்சு அடைப்பு எல்லாம் வேண்டும். 200 லீற்றர் பரலின் அடியில் தண்ணீர் விட்டு, மேலே மரத்தட்டுப் போட்டுப் பைகளை அடுக்கி மூடி எரிக்கவேண்டும். நான் முதல் தடவை அடுப்பு மூட்டியதிலிருந்து கணக்குப் பார்த்து இரண்டு மணித்தியாலத்தில் இறக்கினேன். பத்தாம் நாள் நாற்பது பையில் பதினேழு பச்சை. ஆவி பலமாகக் கிளம்பிய பிறகுதான் மணியைப் பார்க்கவேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. இப்போது அதிலிருந்து ஐந்து மணித்தியாலம் விடுகிறேன். கங்குமட்டையும் பொச்சும் வளவில் கிடப்பதால் செலவில்லை, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பிரஷர் குக்கரிலும் செய்யலாம். இரண்டு மூன்று பைக்கு மேல் கொள்ளாது, காஸும் எரியும். பரிசோதனைக்குச் சரி.

வேகத்தில் வைக்கோல் முந்தும். இரண்டு மூன்று கிழமையில் பை முழுக்க வெள்ளை படர்ந்துவிடும், மூன்று தடவை பறித்ததும் பை சுருங்கிவிடும். மரத்தூள் பை வெள்ளையாக ஒரு மாதத்துக்கு மேலும் எடுக்கும், பிறகு சில மாதம் விட்டுவிட்டுப் பூக்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். சுற்றிவரத் துளை போட்ட வைக்கோல் பை இரண்டு நாளில் காய்ந்து, மொட்டு மஞ்சளாகிக் கருகும். வாய் மட்டும் திறந்த மரத்தூள் பை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டால் வைக்கோல் பையும் தப்பும்.

வைக்கோலில் இன்னொரு சிக்கல் காலம். காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வைக்கோல் மலிவாக வரும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். காளானுக்குச் சுகமான மார்கழியில் வைக்கோல் பட்டறையில் குவிந்திருப்பது பழையது, அதிலும் மழைபட்டுக் கறுத்த பகுதி நிறைய. மெசின் வெட்டிய வைக்கோலில் நெல்மணியும் மிஞ்சும். ஒருமுறை பையைத் துளைத்துக்கொண்டு நாற்று முளைத்தது, பக்கத்து வீட்டு மாமி "தம்பி, காளானோ வயலோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் தடவை என்றால் வெந்நீரில் போட்ட வைக்கோலில் ஐந்து பை கட்டுங்கள். பழுதானாலும் ஒரு நாள் வேலையும் கொஞ்ச வித்தும்தான் போகும். கடைக்குக் கிழமைக்குக் கிழமை கொடுக்க நினைத்தால் பரலும் மரத்தூளும்தான், வைக்கோலை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டிலுமே பையில் நீங்கள் வளர்க்காத காளான் முளைத்தால், குறிப்பாக மெல்லிய காம்போடு கிளம்பி மை மாதிரி உருகும் வகை வந்தால், பிடுங்கி எறியுங்கள், சமைத்துப் பார்க்க வேண்டாம்.

நான் இந்த மாசிக்கு மழைபடாத வைக்கோல் இரண்டு கட்டு கேட்டு வைத்திருக்கிறேன். உரப்பையில் கட்டிக் கொட்டில் பரணில் போட்டு, மார்கழியில் திறப்பதாக உத்தேசம். எலி விட்டுவைத்தால்.