சாக்கோலியா, ரியோகா சிவப்பா?

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள சான் செபாஸ்டியனின் பழைய நகரத்தில் பார் பாராகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு பின்ச்சோ (ஓரிரு வாயில் தீரும் சின்னத் தீனி), ஒரு சின்னக் கோப்பை ஒயின் என்று நின்றபடியே சாப்பிடுவார்கள். கோப்பையில் எதைக் கேட்பது?

சாக்கோலி என்பது கெட்டாரியா கடற்கரைச் சரிவுகளில் விளையும் ஹொண்டாரபி சூரி திராட்சையின் வெள்ளை ஒயின். நல்ல புளிப்பு, லேசான நுரைப்பு, ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டி. புட்டியை உயரத் தூக்கி, அகலமான கண்ணாடி டம்ளரில் மெல்லிய தாரையாகக் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். நுரை அடங்கும் முன் குடித்துவிட வேண்டும். கில்டாவோடு குடித்துப் பாருங்கள். பல்குச்சியில் ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, காடியில் ஊறிய பச்சை மிளகாய் மூன்றையும் கோத்தது அது. ஒரே வாயில் போட வேண்டும். அந்த உப்பையும் எண்ணெயையும் சாக்கோலியின் புளிப்பு அப்படியே கழுவிவிடும். நாக்கு அடுத்ததற்குத் தயார்.

ரியோகா அலவேசாவின் சிவப்பு, மலைகளுக்குத் தெற்கே லகுவார்டியா பக்கம் விளையும் டெம்பிரானியோ திராட்சையின் ஒயின். அதுவும் பாஸ்க் மண்தான். ஒயினில் மெதுவாக வேகவைத்த மாட்டுக் கன்னத்துக்கும், செம்மறிப் பாலில் செய்த இடியசாபல் சீஸுக்கும் இதுதான் பொருத்தம். நெத்திலிக்கு மட்டும் வேண்டாம், வாயில் உலோக வாடை தட்டும்.

ஒன்றுதான் என்றால் நான் சாக்கோலியைத்தான் எடுப்பேன். நாலைந்து பார் ஏறி இறங்கும் மாலையில் சிவப்பு சீக்கிரமே பாரமாகிவிடுகிறது. சரி, இரண்டும் வேண்டுமா? வெள்ளையில் தொடங்கி, சூடான இறைச்சித் தட்டு வரும்போது சிவப்புக்கு மாறுங்கள்.