அம்மாவின் கேள்விக்குப் பதில் இல்லாத புத்தகம்

போன வாரம்தான் அந்தப் புத்தகத்தை இரண்டாவது தடவையாக பைண்டிங் செய்து வாங்கி வந்தேன். அதே வாரம் கிண்ணியாவிலிருந்து நண்பர் அழைத்தார். கொழும்பில் ஒரு கடையில் அது பாதி விலைக்குக் கிடைக்கிறதாம், மகளுக்கு வாங்கலாமா என்று கேட்டார். வாங்க வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு அரைமணி நேரம் பேசியும் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

வரலாற்றிலும் சினிமா உலகிலும் நடந்த விசித்திரமான உண்மைச் சம்பவங்களின் தொகுப்பு அது. ஆங்கிலம், ஏறக்குறைய ஐந்நூறு பக்கம். சாவும் சிரிப்பும் பக்கத்துக்குப் பக்கம் கலந்து கிடக்கும். 2018இல் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் வாங்கினேன். திருகோணமலையின் கடற்காற்று பசை போட்டு ஒட்டிய எந்தப் புத்தகத்தையும் விட்டுவைப்பதில்லை. இரண்டு வருடத்தில் நடுப்பக்கங்கள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. இந்த முறை பைண்டர் பசையை நம்பாமல் நூலால் தைத்து, முதுகுக்குத் துணி ஒட்டிக் கொடுத்திருக்கிறார். மேசையில் விரித்தால் அப்படியே கிடக்கிறது. அதைப் பற்றி இனி ஒரு குறையும் இல்லை.

அது எங்கள் வீட்டுப் புத்தகமானது 2022 மார்ச்சில். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்கள். முன் விறாந்தையில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். பிள்ளைகளும் அம்மாவும் பக்கத்து வீட்டு மாமாவும் கேட்பார்கள். சார்லி சாப்ளின் கதையை மாமா மூன்று தரம் சொல்லச் சொன்னார். 1977 கிறிஸ்மஸ் அன்று இறந்த சாப்ளினைச் சுவிட்சர்லாந்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த மார்ச்சில் இரண்டு மெக்கானிக்குகள் சவப்பெட்டியையே தோண்டி எடுத்துக்கொண்டு போய், குடும்பத்திடம் பணம் கேட்டார்கள். மனைவி ஊனா கொடுக்க மறுத்துவிட்டார். பொலிஸார் அந்தப் பகுதியின் தொலைபேசிக் கூண்டுகளையெல்லாம் காவல் காத்துத்தான் அவர்களைப் பிடித்தார்கள். பெட்டி ஒரு சோளக்காட்டில் புதைந்து கிடந்தது. இரண்டாம் முறை புதைத்தபோது மேலே கொங்கிரீட் போட்டார்கள். உலகத்தையே சிரிக்க வைத்த மனிதனின் உடம்புக்கு இப்படி ஒரு பயணமா என்று மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இருட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டதற்காகவே இந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த காசு தகும்.

அதற்கு அடுத்த இரவு இலண்டன் பியர் வெள்ளம்.

1814 ஒக்டோபர் 17. மதுபான ஆலையில் இருபத்திரண்டு அடி உயரப் பீப்பாய். அதைச் சுற்றியிருந்த இரும்பு வளையம் ஒன்று கழன்று விழுந்தது. பார்த்த குமாஸ்தா மேலதிகாரியிடம் சொன்னார். ஒன்றும் ஆகாது, சரிசெய்யச் சொல்லிக் கடிதம் எழுது என்றார்கள். எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றபோதே பீப்பாய் வெடித்தது. இதுவரை புத்தகம் அருமை. அந்தக் கடிதத்தை நான் ஒருபோதும் மறக்கமாட்டேன். பிறகு, பக்கத்துத் தெருவில் ஒரு நிலவறை வீட்டில் இறந்த குழந்தைக்குச் சடங்கு நடந்துகொண்டிருந்தது என்று அரை வரி. உடனே, மக்கள் சட்டிபானையோடு ஓடிவந்து குடித்தார்கள், குடித்தே ஒருவன் செத்தான் என்று ஒரு பக்கம் முழுக்கக் கும்மாளம்.

அம்மா கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளையைப் பெற்றவள் என்ன ஆனாள்?"

புத்தகத்தில் இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன், இல்லை. இரண்டு நாள் கழித்து, மின்சாரம் வந்த நேரத்தில் மரண விசாரணை விவரங்களைத் தேடிப் படித்தேன். குழந்தைக்கு இரண்டு வயது. தாயின் பெயர் ஆன் சாவில். அவளும், துக்கத்துக்கு வந்திருந்த இன்னும் நான்கு பேரும் அந்த வீட்டிலேயே இறந்துபோனார்கள். மொத்தம் எட்டுப் பேர், எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். யார் மீதும் குற்றமில்லை என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். வீணாய்ப்போன பியருக்குக் கட்டியிருந்த தீர்வையை அரசு ஆலைக்குத் திருப்பிக் கொடுத்தது. குடித்துச் செத்தவன் என்று ஒருவனும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் இல்லை. அது பின்னால் வந்தவர்கள் சேர்த்த கதை.

அம்மாவிடம் சொன்னபோது, "பிள்ளையோடேயே போய்விட்டாள்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மூண்ட கோபம் இன்றும் ஆறவில்லை. கறுப்பு நகைச்சுவை எனக்குப் பிடிக்கும். அந்தத் தீர்வைப் பணத்தைவிடக் கறுப்பான நகைச்சுவை வேறு என்ன வேண்டும்? அதை விட்டுவிட்டு, இல்லாத ஒரு குடிகாரனை இருத்தி வைத்திருக்கிறது இந்தப் புத்தகம்.

இங்கிலாந்தின் துறைமுக ஊரான ஹார்ட்டில்பூலின் குரங்குக் கதையிலும் அதுவேதான். நெப்போலியன் போர்க்காலத்தில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய குரங்கை, பிரெஞ்சு உளவாளி என்று நினைத்து அந்த ஊரார் தூக்கிலிட்டார்கள் என்பது கதை. நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஊர் பாடிக்கொண்டு வந்த கதை. புத்தகமோ சாட்சி பார்த்தது போல எழுதுகிறது. நடந்தது என்று உறுதியாகத் தெரிந்ததை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டது: 2002இல் அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் குரங்கு வேடக்காரர் மேயர் தேர்தலில் நின்றார், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று வாக்குறுதி கொடுத்தார், வென்றார். பிறகு இன்னும் இரண்டு தடவை வென்றார். இது கண்முன் நடந்தது. இதற்கு இரண்டே வரி.

அந்த அடிக்குறிப்பின் கடைசி வரியில்தான் என் மகள் எங்கள் ஊரைக் கண்டுபிடித்தாள். அந்தத் துறைமுகத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் பழைய போர்க்கப்பலின் பெயர் திருகோணமலை. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி வெள்ளோட்டம் விட்டது. குரங்கைத் தூக்கிலிட்டதாகச் சொல்லப்படும் ஊரில் நம்முடைய ஊர்ப் பெயரோடு ஒரு கப்பல்! மகள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கே ஓடினாள். அந்தப் பக்கத்தில் அவளுடைய விரல் ரேகை மெழுகோடு இன்னும் இருக்கிறது.

ஏழெட்டு வருடத்தில் எங்கள் வீட்டில் அதிகம் கைபட்ட புத்தகம் இதுதான். இருந்தும் நண்பருக்கு என் பதில் மாறவில்லை: பாதி விலைக்கும் வாங்க வேண்டாம். மகளை இங்கே அனுப்புங்கள், என் பிரதியைத் தருகிறேன். இந்த முறை பைண்டரிடம் சொல்லிக் கடைசியில் பதினாறு வெற்றுத் தாள்கள் சேர்த்துத் தைத்திருக்கிறேன். முதல் தாளில் எட்டுப் பெயர்களையும் எழுதிவிட்டேன். மேலே ஆன் சாவில்.