ஃபாலுன் செப்புச் சுரங்கம்: கம்பளிச் சட்டையுடன் செல்லுங்கள்

சுவீடனின் ஃபாலுன் நகரில், 1992-இல் மூடப்பட்டு 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செப்புச் சுரங்கத்தை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பதற்குக் கொடுக்கும் கட்டணம் முழுக்கத் தகும் என்பேன். கோடையிலும் உள்ளே ஐந்தாறு டிகிரிக் குளிர்தான். பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

1677-இல் இங்கு மாண்ட தொழிலாளி ஒருவரின் உடல், துத்தம் கலந்த நீரில் ஊறி அழுகாமலே கிடந்து 1719-இல் கிடைத்தபோது, அவரை மணக்கவிருந்த பெண், அதற்குள் முதுமை எய்திவிட்டவர், முகத்தைப் பார்த்தே அடையாளம் காட்டினார் என்ற வரலாறு அந்த இருட்டில் கேட்கும்போது வேறு விதமாக உறைக்கிறது.

1687-இல் வரைமுறையின்றிக் குடைந்த அறைகள் சரிந்து உண்டான பெரும்பள்ளத்தை மேலிருந்தே பார்க்கலாம். அன்று நடுக்கோடை விடுமுறையாதலால் உயிர்ச்சேதம் இல்லை. படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பள்ளத்தின் விளிம்பும் அருங்காட்சியகமுமே போதுமானவை.