ஸ்பெயின் சுற்றிப் பார்க்க ஸ்பானிஷ்: எதில் படிக்கலாம்?

ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகிறவர் வழி கேட்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது என்று நினைப்பார். கேட்பது சுலபம். “தோந்தே எஸ்தா லா கதெத்ரால்?” என்றால் தேவாலயம் எங்கே என்று கேட்டாயிற்று. சிக்கல் பதிலில்தான். “தோதோ ரெக்தோ, லா செகுந்தா ஆ லா இத்கியெர்தா” என்று எதிராளி ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நேரே போய், இரண்டாவது தெருவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது அந்த நொடியிலேயே காதில் ஏற வேண்டும்.

இந்த இடத்தில் டூயோலிங்கோ செயலி அவ்வளவாக உதவாது. இலவசம், விளையாட்டு மாதிரி போகும், தினமும் திறக்க வைக்கும், எல்லாம் சரி. ஆனால் சொற்களைத் தட்டித் தட்டி வாக்கியம் அமைக்கும்போது விடை திரையிலேயே கிடக்கிறது. தெருவில் அப்படிக் கிடக்காது. போதாக்குறைக்கு அது கற்பிப்பது பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வழக்கு. அங்கே “போலேத்தோ” என்பதை ஸ்பெயினின் மியூசிய டிக்கெட் கவுன்ட்டரில் “என்த்ராதா” என்பார்கள்.

பிம்ஸ்லர் பெரும்பாலும் காதுக்கான ஒலிப்பாடம். ஒரு பாடம் அரை மணி நேரம். கேள்வியைக் கேட்டு, இடைவெளி விட்டு, உங்களையே வாய் திறக்க வைக்கும். முன்பு சொன்னதைச் சற்று நேரம் கழித்து மறுபடி கேட்கும். ஸ்பெயின் வழக்குக்குத் தனிப் பாடத்திட்டமே உண்டு, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். காசு கொடுக்க வேண்டும், கொஞ்சம் சலிப்பும் தட்டும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

பயண நூல்கள் வெளியிடும் லோன்லி பிளானட்டின் சிறு சொற்றொடர்க் கையேட்டுக்கு பேட்டரி சார்ஜ் தேவையில்லை. இதிலும் ஸ்பெயினுக்கு ஒன்று, லத்தீன் அமெரிக்காவுக்கு வேறொன்று. உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தந்திருப்பதுதான் நமக்கு இடைஞ்சல். ஸ்பானிஷ் t, d ஒலிகள் நம் ‘த’ எழுத்தை ஒட்டியவை. பென்சிலால் தமிழிலேயே பக்கத்தில் எழுதிக்கொண்டால் ஆங்கிலேயரைவிட நன்றாகச் சொல்வோம். இடப்பெயர்ச் சொற்களை இதில் பொறுக்கி வைத்துக்கொண்டால் வரைபடமே பேச ஆரம்பிக்கும். புவெந்தே பாலம், தொர்ரே கோபுரம், மிராதோர் காட்சிமுனை. கிரனாதாவில் மிராதோர் தெ சான் நிக்கோலாஸ் என்று பார்த்ததுமே ஏறிவிடலாம். எதிரே அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டை முழுசாகத் தெரியும். ரோந்தாவின் புவெந்தே நுவேவோவுக்குப் ‘புதுப் பாலம்’ என்று பெயர், கட்டி முடித்தது 1793-இல்!

கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமரா அறிவிப்புப் பலகைகளுக்கும் மியூசிய விளக்கங்களுக்கும் அருமை. மொழிக் கோப்பை முன்பே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். பார்சிலோனாவில் மட்டும் கவனம் தேவை. அங்கே பல பலகைகளில் கட்டலான்தான் முதலில் இருக்கும், ஆகவே அந்த மொழியையும் இறக்கிக்கொள்ளுங்கள். பேசுவதற்கு இதை நம்ப வேண்டாம். பின்னால் வரிசை நிற்கும்போது கவுன்ட்டரில் போனை நீட்டி மொழிபெயர்ப்புக்குக் காத்திருப்பது யாருக்கும் பிடிக்காது.

இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் பிம்ஸ்லரின் முதல் சில பாடங்களும் கேமராவும் போதும். டூயோலிங்கோ ஆறு மாதம் முன்னதாகவே டிக்கெட் போட்டவர்களுக்கு.